வீட்டுக் கைவேலையும் திறந்த கையும்

கடையில் விலை கொடுத்து எளிதாக வாங்கக்கூடிய ஒரு பொருளை, அதிக நேரமும் சில வேளைகளில் அதிகப் பணமும் செலவிட்டு, ஒருவன் தன் வீட்டிலேயே தன் கையால் செய்துகொள்வது அறிவுடைமையாகுமா? அவ்வாறு செய்ததைப் பிறருக்குக் காட்டுவதும், கொடுப்பதும், கற்பிப்பதும் அறமாகுமா, அல்லது தற்பெருமையின் ஒரு வகையாகுமா? முதற்பார்வைக்கு இக்கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் கையை நம்பியே வாழ்ந்து, அக்கையின் பொருட்டே இகழப்பட்ட மக்களாகிய நமக்கு இது சிறிய கேள்வியன்று. ஆகவே இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோமாக.

பெங்களூர் நகரில் இன்று எப்பொருளும் கேட்ட சிறிது நேரத்தில் வீட்டு வாயிலுக்கு வந்து சேருகிறது. கைப்பேசியில் விரலை வைத்தால் போதும். ஊசி முதல் ஊஞ்சல் வரை யாவும் வரும். இதே நகரத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் வளர்ந்து வருகிறது. நன்கு படித்தவர்களும் நல்ல சம்பளம் பெறுபவர்களும் விடுமுறை நாளில் மரம் அறுக்கிறார்கள், மண் பிசைகிறார்கள், சோப்புக் காய்ச்சுகிறார்கள், பழைய புடைவையில் பை தைக்கிறார்கள். செய்ததைப் படம் பிடித்துச் செய்முறையையும் எழுதி ஊரறியப் பரப்புகிறார்கள். 2010-களில், நம்மவர் பலர் வாழும் அல்சூரில், மெட்ரோ நிலையத்தின் அடியிலேயே வொர்க்பெஞ்ச் ப்ராஜெக்ட்ஸ் என்னும் பொதுப் பட்டறை ஒன்று அமைந்தது. சொந்தத்தில் கருவி இல்லாதவரும் அங்கே சென்று பொதுக் கருவிகளைக் கொண்டு தாம் எண்ணியதைச் செய்து பார்க்கலாம் என்பது அதன் நோக்கம். 2015-ஆம் ஆண்டில் ரிப்பேர் கஃபே பெங்களூர் என்னும் முயற்சி தொடங்கிற்று. கெட்டுப்போன மின்விசிறியையும் மிக்சியையும் குடையையும் கிழிந்த உடையையும் மக்கள் எடுத்து வர, விஷயம் தெரிந்தவர் அருகிலமர்ந்து பழுது பார்க்கக் கற்றுக் கொடுப்பது அதன் முறை. இம்முறை முதன்முதலில் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் தோன்றிப் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது.

இவற்றைக் கண்டு நாம் மகிழ்வதா, நகைப்பதா? "உண்டு கொழுத்தவர்களின் விளையாட்டு" என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் எளிதாகச் சொல்லப்படும் தீர்ப்பு பெரும்பாலும் பாதித் தீர்ப்பாகவே இருக்கும்.

கையும் பிறப்பும்

நம் முன்னோர்க்குக் கைவேலை பொழுதுபோக்காக இருந்ததில்லை. தோலைப் பதனிட்டவன் தோல் பதனிடுபவனின் மகனாகப் பிறந்ததால் பதனிட்டான். பாய் முடைந்தவள் முடைபவளின் வயிற்றில் பிறந்ததால் முடைந்தாள். அவர்கள் செய்த செருப்பை ஊரார் அணிந்தனர். அவர்கள் முடைந்த முறத்தில் ஊரார் அரிசி புடைத்தனர். பொருளுக்குத் தீட்டில்லை, பொருளைச் செய்த கைக்கு மட்டும் தீட்டுண்டு. உலகத்தில் இதனினும் வியப்பான தர்க்கம் வேறெங்கும் உண்டோ? 1936-ஆம் ஆண்டில் 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில் டாக்டர் அம்பேத்கர் இதனைத் தெளிவாக்கினார். தொழிலைப் பங்கிட்டுக்கொள்வது எந்நாட்டிலும் உள்ளது. இந்நாட்டிலோ தொழில் செய்யும் மனிதர்களையே ஏற்றத்தாழ்வாகப் பிரித்துக் கூறு போட்டுவிட்டார்கள் என்பது அவர் காட்டிய உண்மை.

ஆதலால், "கையால் உழைப்பதே அறம்" என்று யாரேனும் நமக்கு உபதேசித்தால், நாம் சற்று நின்று, "யார் கையால்? யார் விருப்பத்தால்?" என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். இதற்கு நம் கர்நாடகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்காமில் காந்தியார் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 2,000 கெஜம் நூல் தம் கையால் நூற்றுத் தரவேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். அந்த விதியிலேயே ஒரு வாசலும் திறந்து வைத்தார்கள்: நூற்க இயலாதவரும் விருப்பமில்லாதவரும், பிறர் நூற்ற அதே அளவு நூலைக் கொடுக்கலாம் என்பதே அது. விளைவு யாது? நூற்க மனமில்லாத செல்வர் ஏழை ஒருவர் நூற்ற நூலை வாங்கிக் கொடுத்து உறுப்பினராகவே இருக்கலாம். அடுத்த ஆண்டே அவ்விதியைத் தளர்த்தும்படி ஆயிற்று. கை உழைப்பை எல்லாருக்கும் உரியதாக்க எண்ணியது நல்லெண்ணமே. ஆனால் கட்டளையால் வரும் கைவேலை, கடைசியில் கீழே இருப்பவன் கைக்கே இறங்கிவிடும் என்பதை அந்த ஒரு வாசல் நமக்குக் காட்டுகிறது.

அம்பேத்கர் இவ்விஷயத்தில் காந்தியாரோடு மாறுபட்டார். இயந்திரத்தைப் பகைப்பவன் ஏழையின் ஓய்வைப் பகைக்கிறான் என்பது 1945-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் விளங்கும் கருத்து. விலங்கு உண்பதற்காகவே ஓயாது திரிகிறது. மனிதனோ உண்பதற்கு வேண்டியதைச் சுருங்கிய நேரத்தில் தேடிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் எண்ணவும் கற்கவும் கூடியவன். அந்த எஞ்சிய நேரத்தை ஏழைக்கும் அளிக்கவல்லது இயந்திரமே என்றார் அவர். சொன்னதோடு நிற்கவில்லை. ஆண்டு முழுதும் நடக்கும் ஆலைகளில் தொழிலாளியின் வார வேலை நேரத்தை 1934-ஆம் ஆண்டுச் சட்டம் 54 மணியாக வைத்திருந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை அவர் வகித்த காலத்தில் முயன்ற திருத்தம், 1946-ல் அதனை 48 மணியாகக் குறைத்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம்! கேட்பவர்க்குச் சிறிது, பெற்றவர்க்குப் பெரிது.

ஓய்வு என்னும் முதல்

நான் பஞ்சாலையில் தறி ஓட்டியவன். பாவும் ஊடையும் கலந்து நாடா ஓடும் இரைச்சலில் என் இளமை கழிந்தது. அங்கே ஒரு நாளில் எத்தனையோ கெஜம் துணி இறங்கும். அதில் ஒரு சாணையேனும் "இது நான் நெய்தது" என்று எவரும் சொல்ல முடியாது. இயந்திரத்தின் மீது எனக்குக் குறையொன்றுமில்லை. அது எங்களுக்குச் சோறிட்டது. சாதி கேளாமல் கூலி தந்தது. ஆனால் வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளிக்கு ஒரு பசி இருக்கும். தொடக்கத்தையும் முடிவையும் தானே காணும்படியாக ஏதேனும் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்னும் பசி அது.

எங்கள் வரிசை வீடுகளில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருவர் கள்ளிப்பெட்டிப் பலகையைச் சீவிப் பிள்ளை படிப்பதற்கு மேசை செய்வார். மற்றொருவர் பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவார். பெண்கள் வெட்டுத் துணிகளைச் சேர்த்துத் தலையணை உறை தைப்பார்கள். ஆலையில் எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு இரவில் விளக்கின் கீழ் இதைச் செய்யும்படி யாரும் அவர்களை ஏவவில்லை. செய்யாவிட்டால் கூலி குறையாது. செய்தால் கூலி கிடையாது. அக்காரணத்தாலேயே அவ்வேலையில் அவர்கள் முகம் வேறாக இருந்தது.

இங்கேதான் நம் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. கைவேலை தன்னளவில் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. பிறப்பினால் விதிக்கப்படும்போது அது விலங்கு. ஓய்வில் விரும்பி மேற்கொள்ளப்படும்போது அது கல்வி. தோல் தைப்பவனின் மகன் மருத்துவனாகவும், மருத்துவனின் மகன் விடுமுறையில் தோற்பை தைப்பவனாகவும் ஒரு நகரம் ஆகுமானால், அந்நகரத்தில் சாதியின் ஒரு கால் முறிந்தது என்றே கொள்ளலாம். ஒரு கால் முறிந்தது என்று மட்டும் சொல்கிறேன். அது செத்தது என்று சொல்லவில்லை. ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை மண் பிசைந்து மகிழும் ஒருவர், திங்கட்கிழமை தம் வீட்டுக் குப்பையை எடுக்க வரும் பெண்ணைத் தனிக் குவளையில் நீர் குடிக்கச் சொல்வாராயின், அவர் கையில் பட்ட மண் அவர் மனத்தில் படவில்லை.

பழையது ஒழிவதில்லை

வீட்டுக் கைவேலையின் இரண்டாவது நன்மை, பொருளின் மீது நமக்குள்ள ஆசையைச் சற்றே அடக்கிப் பொருளின் மீது மதிப்பை உண்டாக்குவது. ஆசையும் மதிப்பும் ஒன்றல்ல. ஆசையுள்ளவன் புதியதை வாங்குகிறான். மதிப்புள்ளவன் பழையதைக் காக்கிறான்.

விநய பிடகத்தில் ஒரு வரலாறு உண்டு. கோசம்பி நகரத்து அரசனாகிய உதேனனின் அந்தப்புர மகளிர் ஆனந்த தேரருக்கு 500 சீவரங்களை வழங்கினர். அரசன் ஐயுற்றான்: இத்தனை ஆடைகளை இத்துறவி என்ன செய்வார்? கடை வைத்து விற்பாரோ? நேரில் வந்து வினவினான். கிழிந்த சீவரம் உடைய பிக்குகளுக்குப் பங்கிடுவோம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய சீவரங்கள் என்னாகும்? அவை படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். பழைய உறை? தரைவிரிப்பாகும். பழைய தரைவிரிப்பு? கால் துடைக்க உதவும். அதுவும் நைந்தால்? தூசி தட்டும் துணியாகும். அதுவும் இற்றுப்போனால்? நறுக்கி மண்ணோடு பிசைந்து பூசுவோம். அரசன் மனம் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகளை வழங்கினான். ஒரு நூலும் வீணாவதில்லை என்று கண்டதனால் அவன் ஐயம் நீங்கிற்று. வீட்டுக் கைவேலைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் நான் கண்டதில்லை.

இதே அறிவு ஏட்டில் எழுதப்படாமல் நம் பெண்களிடத்தில் வாழ்ந்து வந்திருக்கிறது. கர்நாடகத்தின் வடபகுதியில் கௌதி என்று ஒருவகைப் போர்வை உண்டு. உடுத்து நைந்த புடைவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, மேலே வண்ண ஒட்டுகளை வைத்து, ஓட்டுத் தையலால் நெருக்கமாகத் தைப்பார்கள். பாட்டியின் புடைவையும் அத்தையின் ரவிக்கைத் துணியும் அதில் அருகருகே கிடக்கும். பிறந்த குழந்தையை அதில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடித் தைப்பதுண்டு. இதற்கு "கண்டுபிடிப்பு" என்றோ "படைப்பு" என்றோ எவரும் பெயரிடவில்லை. வீட்டு வேலை என்றே சொல்லிவிட்டார்கள். ஆண் ஒருவன் ஆணி அடித்துப் பலகை மாட்டினால் அதைத் தெருவே வந்து பார்க்கிறது. பெண் ஒருத்தி ஆயிரம் தையலில் போர்வை முடித்தால் அதை மடித்துப் பெட்டியில் வைக்கிறார்கள். வீட்டுக் கைவேலையைப் பற்றிப் பேசும் நாம் இந்த அநீதியை மறத்தலாகாது.

செருக்கும் தீங்கும்

இனி மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். கையால் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் தூய்மையாகிவிடுமா? ஆகாது. இதற்கும் விநய பிடகமே ஒரு சான்று தருகிறது.

இராசகிருக நகரத்தருகே மலைச்சாரலில் தனியர் என்னும் பிக்கு வாழ்ந்தார். அவர் குயவர் குலத்தில் பிறந்தவர். அவர் வேய்ந்த புற்குடிலை, அவர் பிச்சைக்குச் சென்ற வேளையில், புல்லும் விறகும் பொறுக்குவோர் மூன்று முறை பிரித்துச் சென்றனர். தமக்குக் கைவந்த தொழில் இருக்கப் புல்லை ஏன் நம்பவேண்டும் என்று எண்ணி, முழுதும் மண்ணாலேயே ஒரு குடில் எழுப்பி, சாணமும் விறகும் மூட்டி அதைச் சுட்டார். செந்நிறப் பட்டுப்பூச்சி போல் அது அழகாய் விளங்கிற்று. தட்டினால் மணியோசை கேட்டது. மலையினின்று இறங்கிய புத்தர் பெருமான் அதைக் கண்டு பாராட்டவில்லை. அந்த மண்ணில் வாழ்ந்த சிற்றுயிர்கள் சூளையில் என்னவாயின என்று நினைத்து, இத்தகைய வேலை தகாது எனக் கடிந்து, குடிலை உடைக்கச் சொன்னார். பின்னர்த் தனியர் அரசனுக்குரிய மரங்களை அனுமதி உண்டென்று சொல்லி எடுத்துக்கொண்டார் என்றும், அதனின்றே திருட்டைப் பற்றிய கடும் விதி பிறந்தது என்றும் வரலாறு தொடர்கிறது. அழகாகச் செய்யும் திறமை, "என் குடில்" என்னும் பற்றோடு சேர்ந்தபோது, தனியரை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் காலத்துச் சூளை வேறு உருவத்தில் இருக்கிறது. "கழிவிலிருந்து கலை" என்று சொல்லிப் புதிய புட்டியும் புதிய தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் வாங்கி, ஒரு நாள் அலமாரியில் வைத்துவிட்டு மறுமாதம் குப்பையில் எறிவது கைவேலையன்று. கடைவேலையின் மற்றொரு கிளை. ஒரே ஒரு பலகை மாட்டுவதற்காக ஆயிரக்கணக்கில் கருவி வாங்கிப் பரணில் அடுக்குபவர், ஆசையை வென்றவரல்லர். ஆசையின் கடையை மாற்றிக்கொண்டவர். பக்கத்து வீட்டிலேயே துளையிடும் கருவி இருக்க, கேட்கக் கூசித் தாமும் ஒன்று வாங்குவது நகரத்து நோய்களில் ஒன்று. அல்சூரில் அமைந்தது போன்ற பொதுப் பட்டறைக்கு அறம் என்னும் சிறப்பு உண்டென்றால், அது இந்நோய்க்கு மருந்தாவதில்தான் உண்டு.

மற்றொரு தடையையும் சிலர் எழுப்புவர்: "எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் தையற்காரனும் தச்சனும் குயவனும் எவ்வாறு பிழைப்பார்கள்?" இது நியாயமான கேள்வி. ஆனால் நடப்பதை நோக்கினால் அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது வீட்டுக் கைவேலையன்று. அவர்கள் வேலையின் அருமை தெரியாத பேரமே. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணம் இருக்கிறது. வெட்பாலை மரத்தைக் கடைசலில் பூட்டி உருட்டி, சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பின்பு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு சிறு பம்பரத்தைத் தானே கடைந்து பார்க்க ஒருமுறை முயன்றவன், அந்த ஊர்ப் பொம்மையின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டான். தன் விரல் அவனுக்குச் சாட்சி சொல்லும். ஆகவே வீட்டில் செய்து பார்ப்பவன் கைவினைஞனுக்குப் பகைவனல்லன். அவனே தகுதியான விலை கொடுக்கக் கற்றவன். அவ்வாறு கற்கவில்லையெனில் அவன் செய்த கைவேலை வீண்.

திறந்த கை

இப்போது கேள்வியின் நடுவிடத்துக்கு வருகிறோம். செய்வது நன்று, பகிர்வதில் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் தொழிலறிவு நெடுங்காலம் மூடிய கைக்குள் இருந்தது. தந்தை மகனுக்குச் சொல்வான். மகளுக்குச் சொல்லமாட்டான், ஏனெனில் அவள் வேறு வீட்டுக்குப் போகிறவள். மருந்து அறிந்தவன் ஒரு மூலிகையை மறைத்துச் சொல்வான். எழுத்தறிவையோ பூட்டியே வைத்தார்கள். புத்தர் பெருமான் தம் இறுதி நாள்களில் ஆனந்தரிடம், உள்ளொன்று புறமொன்று என்று பிரிக்காமல் தாம் அறத்தைப் போதித்ததையும், ஆசிரியன் கடைசிவரை மறைத்து வைக்கும் மூடிய முட்டி தம்மிடம் இல்லை என்பதையும் கூறினார். ஞானத்துக்குச் சொன்ன அது தச்சுக்கும் தையலுக்கும் பொருந்தும்.

மஜ்ஜிம நிகாயத்தில் கடிகாரர் என்னும் குயவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. கடம் என்றால் குடம். குடம் செய்பவர் என்பதே அப்பெயரின் பொருள். அவர் கண் தெரியாத முதிய பெற்றோரைக் காத்து வந்தவர். உயிர்களுக்குத் தீங்கு நேராதபடி, தாம் மண்ணைத் தோண்டாமல், ஆற்றங்கரையில் சரிந்த மண்ணையும் எலிகள் தள்ளிய மண்ணையும் எடுத்துப் பானை வனைவார். வனைந்த பானைகளை வைத்துவிட்டு, வேண்டுவோர் அரிசியோ பயறோ தம்மால் இயன்றதை வைத்துவிட்டு விரும்பிய பானையை எடுத்துச் செல்லலாம் என்பார். பேரமில்லை, காவலில்லை. மழைக்காலத்தில் காசியப புத்தரின் குடில் ஒழுகியபோது, பிக்குகள் கடிகாரரின் பட்டறைக் கூரைப் புல்லையே எடுத்துச் சென்றனர். வீடு திரும்பி அதையறிந்த அவர், தம்மிடம் அத்தனை நம்பிக்கை வைத்தார்களே என்று பல நாள் மகிழ்ச்சியில் திளைத்தார். தனியரும் குயவர், கடிகாரரும் குயவர். ஒருவர் மண்ணைச் சுட்டு "எனது" என்றார். ஒருவர் பானையை வைத்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மண் ஒன்றே, கை ஒன்றே. வேறுபாடு முழுதும் கையை மூடுவதிலும் திறப்பதிலும் இருக்கிறது.

பழங்கதையோடு நில்லாமல் நம் காலத்தையும் நோக்குவோம். அரவிந்த் குப்தா என்பவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர். 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிராமப் பள்ளிகளின் அறிவியல் கல்வித் திட்டத்தோடு தொடர்புகொண்டார். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வுக் குழாயின் துண்டுகளால் இணைத்து முக்கோணமும் சதுரமும் கூம்பும் செய்யும் முறையை அவர் வகுத்தார். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் குப்பையிலிருந்து விளையாட்டுக் கருவி செய்து அதிலேயே விஞ்ஞானம் கற்கலாம் என்று காட்டினார். செய்முறைகளை எவரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகவே வழங்கினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பொம்மையை வாங்கிக் கொடுத்தால் ஒரு பிள்ளை மகிழும். பொம்மை செய்யும் வழியைக் கொடுத்தால் அப்பிள்ளை மற்றொரு பிள்ளைக்கு ஆசிரியனாகும்.

கோவைப் பகுதியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை இடையில் விட்டுப் பட்டறைத் தொழிலாளியாக இருந்தவர் அருணாசலம் முருகானந்தம். 1998-ல் திருமணமான பின், மாதவிலக்கு நாள்களில் மனைவி கந்தல் துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, குறைந்த செலவில் தூய பஞ்சுத் திண்டு செய்ய முயன்றார். முதலில் செய்தது பயன்படவில்லை. ஆண்டுக்கணக்கில் முயன்றார். ஊரார் பழித்தனர்; மனைவியும் தாயும் சில காலம் பிரிந்தனர். சாதாரணப் பஞ்சு போதாது, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் வேண்டும் என்று கண்டறிந்து, அதனை அரைத்து அழுத்தித் தூய்மை செய்யும் எளிய இயந்திரங்களைத் தாமே அமைத்தார். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அது அறிமுகமாயிற்று. பெரிய கம்பெனிகளுக்கு விற்றுச் செல்வராகும் வழி இருந்தும், பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கே இயந்திரத்தைக் கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். இங்கே பகிரப்பட்டது பொருள் மட்டுமன்று. மாதத்தில் சில நாள் வீட்டு மூலையில் தீண்டப்படாதவளாக ஒதுக்கப்பட்ட பெண், தனக்கு வேண்டியதைத் தானே செய்து அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும் தொழிலாளியானாள். தீண்டாமையின் துன்பம் அறிந்த நாம் இதன் பெருமையை அறியாதிருக்க முடியுமோ?

இன்னும் அண்மையில், நாமனைவரும் நேரில் கண்டதொன்று உண்டு. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது கடைகளில் முகக்கவசம் கிடைக்கவில்லை. கிடைத்ததும் விலை ஏறிற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், வீட்டிலேயே பருத்தித் துணியால் முகக்கவசம் செய்யும் முறையை விளக்கி ஒரு கையேடு வெளியிட்டது. தையல் இயந்திரம் உள்ளவர்க்கு ஒரு முறை, இல்லாதவர்க்கு ஒரு முறை என இரண்டும் அதில் இருந்தன. துணிக் கவசம் முழுக் காப்பு அன்று. மருத்துவர் அணிவது வேறு. ஆயினும் ஒன்றும் இல்லாத வேளையில் அது ஒரு தடுப்பாயிற்று. அந்நாள்களில் எத்தனையோ வீடுகளில் பழைய வேட்டியும் புடைவையும் கவசமாயின. தைத்தவர் தம் வீட்டுக்கு வைத்துக்கொண்டு எஞ்சியதைத் தெருவில் கொடுத்தனர். எதிர்வீட்டார் மூச்சைக் காப்பது தம் மூச்சைக் காப்பதும் ஆகும் என்பதை அன்று யாரும் பிரசங்கம் செய்து புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவர் நலமும் மற்றவர் நலத்தைச் சார்ந்தே தோன்றுகிறது என்னும் கோட்பாட்டை, ஊசியும் நூலும் கற்பித்தன.

வீட்டில் கொள்ளத்தக்க நெறி

ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். ஒரு பொருளை வீட்டில் செய்யத் தொடங்குமுன் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, இது நமக்கோ பிறர்க்கோ உண்மையில் பயன்படுமா? இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே உள்ள பழையதிலிருந்து இதைச் செய்ய முடியுமா, அல்லது இதற்காகவே புதியன வாங்கிக் குவிக்கப் போகிறோமா? மூன்றாவது, செய்வதில் வேறோர் உயிருக்கு, நீருக்கு, அண்டை வீட்டாரின் உறக்கத்துக்குத் தீங்கு உண்டா? நான்காவது, இதே வேலையைச் செய்து பிழைப்பவர்க்கு நாம் உரிய விலையையும் மரியாதையையும் கொடுக்கிறோமா? ஐந்தாவது, செய்து முடித்தபின் இதன் வழியை யாருக்குக் கற்பிக்கப் போகிறோம்?

இவ்வைந்தில் கடைசிக் கேள்வியே தலையாயது. பொருளைக் கொடுப்பது தானம். செய்முறையைக் கொடுப்பது அதனினும் பெரிய தானம். பொருள் கொடுத்தால் பெற்றவன் நமக்குக் கடன்பட்டவனாகிறான். வழியைக் கொடுத்தால் அவன் நமக்குச் சமமாகிறான். கொடுத்தவனைக் கடவுளாகவும் பெற்றவனை அடிமையாகவும் ஆக்கும் கொடைகளை இந்நாடு நிரம்பக் கண்டுவிட்டது. சமமாக்கும் கொடையே நமக்கு வேண்டும்.

ஆகவே சகோதர சகோதரிகளே, ஓய்வு நாளில் உங்கள் வீட்டில் ஒரு வேலையை எடுங்கள். உடைந்த நாற்காலியாக இருக்கலாம், கிழிந்த பையாக இருக்கலாம், சுழலாத மின்விசிறியாக இருக்கலாம். மின்சாரம் உள்ளதாயின், பிளக்கைப் பிடுங்கி வைத்து, தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மகனை மட்டும் அழைக்காதீர்கள், மகளையும் அழையுங்கள். திருப்புளியை அவள் கையிலும் ஊசியை அவன் கையிலும் கொடுங்கள். தெருப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தால் விரட்டாதீர்கள், உட்காரச் சொல்லுங்கள். உங்கள் கருவிகளில் நான்கைத் தனியே ஒரு பெட்டியில் வைத்து, கேட்பவர்க்கெல்லாம் இரவல் கொடுங்கள். நம் சங்கக் கூடத்திலும் மாதம் ஒரு முறை ஒரு பாயை விரித்து, கையில் தெரிந்ததைக் கூடிப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

நம் முன்னோரின் கைகள் பிறப்பினால் கட்டப்பட்டிருந்தன. கட்டவிழ்ந்த நம் கைகளை மீண்டும் முட்டியாக மூடிக்கொள்ளாமல் வாழ்வோமாக.